என் பாட்டிலை நிரப்ப மறுத்தவன்

போன ஆனி மாதம் என் இடது காலின் சுண்டுவிரல் அழுகிக்கொண்டிருந்தது. வலி இல்லை. வலி இல்லாததை நோய் என்று நான் எண்ணவில்லை. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டேன். துணி சுற்றினேன். புண் ஆறவில்லை. நாற்றம் மட்டும் கூடியது.

நான் வடகரைக்காரன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பதினான்கு வயதில் ஊரை விட்டு ஓடினேன். புனலூரில் ரப்பர் வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பம்பாயில் இட்லி விற்றேன். ஓரிடத்தில் காலூன்றி நிற்கத் தெரியாது. சீசன் வந்தால் மட்டும் குற்றாலம் வருவேன். ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. இப்போது வயது ஐம்பத்தொன்று.

ஈரப் பாறையில் வெறுங்காலோடு நிற்கிற எங்களுக்குக் கால் மரத்துப்போவது புதிதில்லை. அடிக்கடி சிறுநீர் முட்டும். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பெயர்தான்: அருவிக் குளிர்ச்சி. மூலிகைத் தண்ணீரில் தினம் குளிக்கிறவனுக்கு டாக்டர் எதற்கு என்று வருகிறவர்களிடம் மார்தட்டிப் பேசுவோம்.

சீசன் தொடங்குமுன் விடுதி முதலாளி எங்களுக்கு மூத்திரம் சோதிக்கச் சொல்வார். நோய் இல்லாதவன் கை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள அது அவருக்கு வேண்டும். ஆளுக்கொரு பாட்டில் வரும், பெயர் ஒட்டி. எங்கள் வழக்கம் வேறு. எங்களில் இளையவன் செல்லத்துரை. முப்பது வயது, பனைமரம் மாதிரி உடம்பு. எல்லார் பாட்டிலையும் அவன்தான் நிரப்புவான். எல்லாரும் சுகம் என்று தாள் வரும். அவனுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுப்போம். வருஷா வருஷம் இதுதான் நடந்தது.

போன வருஷம் அவனுக்கும் எனக்கும் பகை. என்னிடம் பல வருஷமாக வந்துகொண்டிருந்த கொல்லத்துக்காரரை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் அவன் எண்ணெய்த் தூக்கை உதைத்துப் பாறையில் கொட்டினேன். வழுக்கி விழுந்தவனும் அவன்தான். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

இந்த நிலையில்தான் பாட்டில் வந்தது. ஆறாத புண்ணோடு நானே நிரப்பினால் தாளில் என்ன வருமோ என்று கலக்கம். நான் பண்பொழி போய்த் திருமலை முருகன் கோயில் மலையில் ஏறினேன். கால் இழுத்தது. துணி முழுக்க ஈரம். சந்நிதியில் நின்று கைகூப்பவில்லை, சண்டைதான் போட்டேன். "முருகா, இந்தப் புண்ணை ஆற்று. இல்லாவிட்டால் அந்தச் செல்லத்துரை கொட்டத்தை அடக்கி என் பாட்டிலை நிரப்ப வை. இரண்டில் ஒன்றாவது செய். வேலை போனால் எங்கே போவேன்? சொந்தக் காலில் நிற்க முடியாதவனை வைத்து உனக்கு என்ன விளையாட்டு?" பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தள்ளிப் போய் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து பாட்டிலை அவன் முன் வைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, என் மூத்திரம் உமக்குத் தீர்த்தமோ?"

"ஏலே, நிரப்பிக் குடுத்துட்டுப் பேசு."

"குடுக்க மாட்டேன் வே. கீழ ஊத்தினாலும் ஊத்துவேன், உமக்குக் குடுக்க மாட்டேன். உம்ம சீக்கு உம்மோட இருக்கட்டும். தாள்ல வந்து முதலாளி உம்மத் துரத்துதத நான் பாக்கணும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். வேறு யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. அவர்கள் மூத்திரத்தின் லட்சணம் அவர்களுக்கே தெரியாது. என் பாட்டிலை நானே நிரப்பினேன். முருகனைத் திட்டிக்கொண்டே நிரப்பினேன்.

மறுநாள் விடுதி மேனேஜர் கூப்பிட்டார். செங்கோட்டைக்காரர், நக்கல் பிடித்தவர். "என்ன வே, உம்ம மூத்திரத்துல சீனிப்பாகு காய்ச்சலாம் போல இருக்கு. புரதமும் ஒழுகுதாம். போன வருஷம் தங்கமா இருந்தீரு. அதுவும் எல்லாரும் ஒரே மாதிரித் தங்கம்!" பிறகு என் காலைப் பார்த்தார். மூக்கைப் பொத்தினார். சிரிப்பு நின்றது. "தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போம். காட்டாம இங்கன வராதயும்."

செல்லத்துரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கேட்ட வரம் இரண்டும் கிடைக்கவில்லை. இனி அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு தென்காசி பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, பெரிய கோபம். என்னைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

"ஊசி எங்க குத்துதேன்னு சொல்லுங்க."

"நீங்க இன்னும் குத்தவே இல்லையேம்மா."

"கண்ணத் திறந்து பாருங்க."

என் உள்ளங்காலில் ரத்தம் பொட்டாக நின்றது. ஒன்றல்ல, வரிசையாக. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என் கால் என்னுடையது இல்லை என்பது போலக் கிடந்தது.

"எத்தன வருஷமா சுகர்?"

"தெரியாதும்மா. குளிர்ச்சின்னு நெனச்சேன்."

"குளிர்ச்சியா? முப்பது வயசுலயே பிரஷர், சுகர் பாத்திருக்கணும். நாப்பதுல கொழுப்பு, இருதயம், கண்ணு. அம்பதுல அதோட புராஸ்டேட்டு, குடல். ஒண்ணாவது பாத்திருக்கீங்களா? ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான். பைக்குக்கு மாசாமாசம் ஆயில் மாத்துவீங்க, உடம்பக் கொண்டாந்து காட்ட மாட்டீங்க. இந்த சீசன் முடியட்டும்னு இருந்திருந்தா முட்டிக்கு மேல எடுத்திருப்போம். கிட்னியும் போயிருக்கும்."

சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் நின்றது. அந்த சீசன் முழுதும் கட்டிலில் கிடந்தேன். சன்னல் வழியே சாரல் விழுவதைப் பார்த்துக்கொண்டு, செல்லத்துரை அன்று மனமிரங்கிப் பாட்டிலை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். தாள் சுகம் என்று வந்திருக்கும். வேலை கிடைத்திருக்கும். கால் போயிருக்கும். நான் கேட்ட இரண்டில் ஒன்றை முருகன் தர மறுத்ததால்தான் மற்றது கிடைத்தது. அதற்கு அவன் ஒரு நல்லவனைத் தேடவில்லை. என்னைக் கண்டால் ஆகாதவனையே எடுத்துக்கொண்டான்.

நடக்க முடிந்ததும் செல்லத்துரையிடம் போய்ச் சொன்னேன். "உன்னாலதான் கால் தப்பிச்சுதுலே."

"அப்படில்லாம் நெனச்சுக்காதயும். நீரு நாசமாப் போகணும்னுதான் குடுக்கல."

அவன் பொய் சொல்லவில்லை. எனக்கும் அவன்மேல் பாசம் வந்துவிடவில்லை. அதனால்தான் நன்றியை அவனிடம் வைக்காமல் மலையில் கொண்டுபோய் வைத்தேன். மெதுவாக ஏறினேன், கடைசிப் படி வரை. இந்த முறை சண்டை போடவில்லை. "நீ செஞ்சது எனக்குப் பிடிக்கல, ஆனா நல்லதுதான்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி மறுபடி அதே வேலையில் சேர்ந்தேன். இப்போது நாள் தவறாமல் மாத்திரை போடுகிறேன். செருப்பில்லாமல் பாறையில் இறங்குவதில்லை. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். இந்த வருஷம் பாட்டில் வந்தபோது ஒவ்வொருவனையும் கூடவே நின்று நிரப்ப வைத்தேன். என் தாயையும் இழுத்துத் திட்டினார்கள். திட்டட்டும். இரண்டு பேருக்குச் சுகர். அவர்களில் ஒருவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. செல்லத்துரையையும் விடவில்லை. மூத்திரத்தில் அவன் ராஜா, ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்க் கையில் பட்டை கட்டிப் பார்த்தபோது பிரஷர் எகிறிக் கிடந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினான். ஆனால் மாத்திரையை என் கண்முன்னால் விழுங்கினான்.

முருகனை நம்புகிற ஆண்களே, உங்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வீட்டுப் பெண்களுக்காக விரதம் இருக்கிறீர்கள், பிள்ளைகளுக்காக மொட்டை போடுகிறீர்கள், உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறீர்கள். கல்லில் ஊசி இறங்காது. என் காலில் இறங்கியது, எனக்குத்தான் தெரியவில்லை. முப்பதோ நாற்பதோ ஐம்பதோ, மலையேறி அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு இறங்கி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஐந்தருவிக்கு வந்து என்னைக் கேளுங்கள், கூட வருகிறேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டுதான் வருவேன். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.