ஊசி போட்ட காலும் ஓடும் பஸ்ஸும்

முதுகெலும்பு டிஸ்க் அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகியும் இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை இழுக்கும் வலி என்னை விடவில்லை. பதினெட்டு வருடமாக பஸ் கண்டக்டர் நான். வலி தீராவிட்டால் இனி டிப்போவில் மேசை வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நரம்பு வேருக்குப் பக்கத்தில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் திருநெல்வேலி டாக்டர். இந்த ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மனைவி செல்வியும் கிளம்பினோம்.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சியில் காலை 6.15க்கு வாடகைக் கார். போக வர இரண்டாயிரம் பேச்சு. சுமார் ஐம்பது கிலோமீட்டரும் பின் இருக்கையில் படுத்தே வந்தேன். கல்லிடைக்குறிச்சியில் பத்து நிமிடம் இறங்கி நின்றதையும் சேர்த்து 8.05க்கு ஆஸ்பத்திரி வாசல்.

குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார்கள். பதினைந்து நிமிடம்தான். மருந்து போகும்போது அதே வலி ஒருமுறை குதிகால் வரை ஓடி அடங்கியது. ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். சாயங்காலம் வரை கால் மரத்திருக்கும், காரிலேயே போங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வெளியே வந்தால் வலியே இல்லை. எட்டு மாதத்தில் முதல்முறை. புத்தி எங்கே நிற்கும்? பேசிய பணத்தைக் கொடுத்துக் காரை அனுப்பிவிட்டேன். செல்வி சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் 12.10 வண்டி. டிரைவர் என் பழைய ஜோடி அண்ணாச்சி.

ஊருக்கு வண்டி மாற வேண்டிய அம்பாசமுத்திரம் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும், நிற்கும் முன்பே படியிலிருந்து குதித்தேன். பதினெட்டு வருடப் பழக்கம். இடது கால் துணியாக மடிந்தது. அண்ணாச்சி பிரேக் அடித்து எட்டிப் பார்த்தார்.

“நான் இன்னும் நிறுத்தவே இல்லையே வே.”

செல்வி என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். அதில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடியே திட்டினாள்.

“இன்னைக்கு நீங்க கண்டக்டர் இல்ல. நோயாளி. பைய இறங்கப்பிடாதா?”

சாயங்காலம் ஏழு மணிக்கு வலி முழுதாகத் திரும்பியது. குதித்துக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். போனில் கேட்டபோது நர்ஸ் பொறுமையாக விளக்கினார்: மரக்க வைக்கும் மருந்து அன்றோடு போய்விடும், வீக்கத்தைக் குறைக்கும் மருந்து வேலை செய்ய ஒரு வாரம்கூட ஆகலாம். ஆறாம் நாள் வலி பாதியானது.

போகிறவர்களுக்கு: சர்க்கரையோ, ரத்தம் இளக்கும் மாத்திரையோ இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்பக் கார்தான். முதல் நாள் சுகத்தை நம்பாதீர்கள், முதல் நாள் வலியையும் நம்பாதீர்கள்.

பஸ்ஸுக்குத் திரும்புவேனா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். உட்கார்ந்தால் கால் கொல்லும் என்பதால் எட்டு மாதமாக நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். செல்வியும் துணைக்கு நின்றே சாப்பிட்டாள். நேற்று நாற்காலியில் உட்கார்ந்து சோறும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே அவள் பழக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நீயும் உட்காரு என்றேன்.