பின்பக்கம் இல்லாத அட்டை

காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தபோது தம்பி அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்து, அக்கா கேட்ட அட்டையில் ஒரு வரியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்பிய அக்கா பேருந்து நிறுத்தத்திலேயே சரிந்துவிட்டாளாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். அக்காவின் கணவர்தான் பேசினார். "சரி மாமா" என்று போனை வைத்தவன், அந்த வரியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்கா பிரசவ வார்டில் மூத்த நர்ஸ். ஆபத்து வந்தால் பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, அங்கே ஒவ்வோர் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் செய்ய வேண்டும். ஒரு நாள் குழந்தை பிறந்த பிறகு ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அட்டையைப் படித்தாள். முன்பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டாள். இரத்த வங்கிக்குச் சொல்லும் வரி பின்பக்கத்தில் இருந்தது. ஆளாளுக்குக் கையெல்லாம் இரத்தமாக நிற்கும்போது யார் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள்? அந்தப் பெண் மயிரிழையில் பிழைத்தாள்.

அன்று மாலை அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி வீட்டு வாசலில் நின்றாள்.

"பாவம், அட்டையைப் படிச்ச பொண்ணைப் போட்டுத் திட்டுறாங்கடா. தப்பு அட்டையோடது. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுக் குடு."

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுமேக்கா."

"அப்போ வார்த்தையைக் குறை. உனக்குத்தான் அது வராதே!"

அதோடு அவன் நிம்மதி போயிற்று. அவனை மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பாள். மூச்சு வாங்கும்போதே காதருகில் போன் அலாரத்தை அலறவிட்டு, கையில் சோப்பு நுரையோடு நிற்கவைத்து, "ம், படி" என்பாள். எந்த வரியில் தடுமாறுகிறானோ அந்த வரி காலி.

"அண்ணி, அவருக்கே ஏதாவது ஆயிடப்போகுது," என்பாள் அவன் மனைவி.

"ஆகட்டும்மா. அதுக்கும் ஒரு அட்டை போட்டுடலாம்."

'உதவிக்கு அழைக்கவும்' என்ற வரியை ஒரே கீறலில் அடித்தாள். "யாரை? எந்த நம்பர்ல? அடுத்தவங்க கூப்பிடுவாங்கன்னு ஆளுக்கு ஆள் நிப்பாங்கடா." இரத்த வங்கி வரி, தொலைபேசி எண்ணோடு மேலே ஏறியது. பளபளப்பான உறை விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைத்தது, அதுவும் போயிற்று. பெரிய டாக்டர் மருத்துவமனைச் சின்னத்தைப் பெரிதாகப் போடச் சொன்னார். "இரத்தம் போயிட்டிருக்கிறவளுக்குச் சின்னம் எதுக்கு?" என்று வீட்டில் பொரிந்து தள்ளினாள். அங்கேயும் அதையே சொல்லியிருப்பாள் போல. சின்னம் வரவில்லை.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகும் தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வார்டில் தொங்குவது இன்னும் பழைய அட்டைதான். இந்த நிமிடம்கூட யாரோ ஒருத்தி முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

"போய்க் குடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "சோத்தைத் திங்காம பிசைஞ்சு பிசைஞ்சு தட்டுதான் தேயுது."

புது அட்டையைப் பளபளக்காத பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனான்.

"சிஸ்டரோட தம்பியா? நடையே சொல்லுது, தரையில கால் பாவலையே," என்றாள் வார்டின் பொறுப்பு நர்ஸ். சொன்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, அன்று திட்டு வாங்கிய அதே பெண்ணைக் கூப்பிட்டு அட்டையைக் கையில் கொடுத்தாள். அவள் மேலிருந்து கீழ்வரை தடுமாறாமல் படித்தாள். படித்து முடித்ததும் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா," என்றான் தம்பி.

அறை அறையாகப் போய் மாற்றினார்கள். கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிரசவம் நடந்துகொண்டிருந்தது.

"முடியட்டும் தம்பி, நான் மாட்டிடுறேன்," என்று பொறுப்பு நர்ஸ் அட்டையை வாங்கினாள். அதற்குள் உள்ளிருந்து யாரோ அவளை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

தம்பி நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று காவலாளி அவனை வெளியே அனுப்பியபோது, புதிய அட்டை மேசைமேல் இருந்தது. கடைசி அறையில் தொங்கியது பழைய அட்டை.