காற்று விட்டுவைத்த முளைப்பாரி

என் கொழுந்தன் பெண்டாட்டி தொட்டதெல்லாம் துலங்கும். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். கலியாணமான மறுவருஷமே ஆண் பிள்ளை பெற்றாள். மூத்தவள் எனக்கோ மடி காலி. ஜொகூர் ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

மாரியம்மன் திருவிழாவுக்கு இருவருமே முளைப்பாரி போட்டோம். யார் பயிர் உயரமோ அவள்தான் ஊர்வலத்தில் முதலில் போவாள். அப்படிப் போகிறவள் வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்? மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, எருப் போட்டு, பயறு தூவி, வெளிச்சம் படாமல் மூடி வைத்தேன்.

தடுப்பு கூரைவரை எட்டாது. ஒருநாள் பெட்டிமேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அம்மியோரம் சாக்கை விலக்கி, தன் பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சண்டாளி, என்னுடையதைவிட ஒரு சாண் கூடுதல்! நான் பார்த்தால் அவளும் பார்ப்பாள்தானே? கண் பட்டுவிடக் கூடாதென்று என் தகரத்தைப் பரணில் விறகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள், ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வானம் கறுத்தது.

"அக்கா, ஓடியாங்க! சூறைக்காத்து!"

அவள் குரல்தான். சரிவில் மரங்கள் பிழிந்த துணிபோல் முறுக்கி முறிந்துகொண்டே வந்தன. பிள்ளையோடு மூவரும் வாய்க்காலில் படுத்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை, பரண், விறகு எல்லாம் சுழன்று மேலே போயின. உத்திரம் ஒன்று வந்து அவள் கையில் விழுந்தது.

காற்று ஓய்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; நான் என் தகரத்தைத் தேடினேன். லயம் முழுக்க மிஞ்சிய முளைப்பாரி ஒன்றே ஒன்று. அம்மியோரம், சாக்குக்கு அடியில், அவளுடையது.

கங்காணி பெண்சாதி சொன்னாள்: "உசுரோட விட்டாளே ஆத்தா, திருவிழாவ நிறுத்தக் கூடாது. கை ஒடிஞ்சவ எப்படித் தூக்குவா? நீ தூக்கு. ஒரே குடும்பந்தானே."

முதல் ஆளாக நடந்தேன். ஆசைப்பட்ட இடம்தான், தலையில் இருந்தது அவள் பயிர். வரம் வளர்த்தவளுக்கா, சுமந்தவளுக்கா? கட்டுப் போட்ட கையோடு அவள் பக்கத்திலேயே வந்தாள். வேடிக்கை பார்க்க வந்த அடுத்த தோட்டத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"அடியாத்தே, என்னா ஒசரம்! யாரு வளத்தது?"

நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "எங்க அக்காதான்."

அந்த நல்ல மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா? எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது.