பண்ணைத் தெருவில் காலை நீட்டிய வண்டி

"மடக்குனா வண்டி விழுந்துரும், நீட்டுனா அவனுங்க அடிப்பானுங்க. காலை வெட்டி ஒன் மடியில போட்டுட்டாடி போறது?" என்று என் புருஷன் சீறினார்.

நான் வாசலில் குறுக்கே நின்றிருந்தேன். பண்ணை வீட்டுத் தெரு வழியாக அந்த வண்டியில் போகக் கூடாது என்பது என் சண்டை. அவர் பேர் இளையபெருமாள். போய்ச் சேர்ந்துவிட்டார், இனி பேரைச் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது.

முந்தின அறுப்பில் கூலி கூட்டிக் கேட்டதற்குப் பண்ணை ஆட்கள் அவர் இடுப்பை உடைத்துவிட்டார்கள். நடந்தால் சுருண்டு விழுவார். சைக்கிள் சீட்டிலும் உட்கார முடியாது, மாட்டு வண்டியிலும் முடியாது. சாய்ந்து கிடந்தால்தான் வலி அடங்கும். நாங்கள் உழுத குத்தகை நிலத்தில் பேரைப் பதிய, அவரே வலங்கைமான் ஆபீசுக்கு நேரில் வரவேண்டும் என்று தாக்கீது வந்தது. போகாவிட்டால் நிலம் பண்ணைக்கு.

கூத்தாநல்லூரில் ஜெகபர் அலி பாய் சைக்கிள் கடையில் முன்பு வேலை பார்த்தவர் இவர். கிடந்தபடியே தரையில் கரியால் படம் போட்டுக் காட்டினார். பாய் இரண்டு பழைய சைக்கிளை அறுத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். சங்கிலிகளைக் கோத்து நீளமாக்கியதும், சாய்ந்துகொள்ளக் கயிறு பின்னியதும் இவர். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால், ஹேண்டில் தொடைக்குக் கீழே. களத்துமேட்டில் ஏறினார், வாய்க்காலில் விழுந்தார். பிடித்துத் தள்ளித் தள்ளி என் கை மரத்துப்போனது. கடைசியில் ஓடியது. ஓடியதும்தான் நான் வாசலில் போய்க் குறுக்கே நின்றேன்.

அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். ஆட்சி மாறியும் அது மாறவில்லை. இவரோ கிடந்துகொண்டு, தெருக்கோடியில் இருக்கிற பண்ணை வீட்டைப் பார்த்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார்.

போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் கோவிந்தராசும், தடியோடு வீரையனும் பண்ணை வாசலில் நின்றார்கள். இடுப்பை உடைத்தவன் இந்த வீரையன்தான்.

"பண்ணைக்கே காலைக் காட்டுறியாடா? எறங்கு" என்றார் கோவிந்தராசு.

"எறங்குனா ஏற முடியாதுங்கய்யா" என்று மிதித்தபடியே சொன்னார் இவர்.

வீரையன் குறுக்கே வந்து தடியை ஓங்கினான். எனக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. இந்த மனுஷன் செத்தார் என்றே நினைத்தேன். முடி அவிழ்ந்து விழ, மாரில் அடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போறியே ராசா" என்று கதறினேன்.

ஓங்கிய தடி அப்படியே நின்றது. ஆள் மல்லாந்து கிடக்கிறான், கால் முன்னால் வருகிறது, பின்னால் பொம்பளை மாரடித்துக்கொண்டு வருகிறாள். பாடையை எவனும் மறிக்கமாட்டான். மறித்தால் அவன் வீட்டிலும் ஒன்று விழும். வீரையன் முகம் வெளுத்துச் சுவரோரம் ஒதுங்கினான். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டான். கோவிந்தராசு அவனைத் திட்டி முடிப்பதற்குள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது.

"உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வெக்கிறியே, நீயெல்லாம் பொண்டாட்டியா?" என்றார் இவர்.

வலங்கைமானில் பேரைப் பதிந்தார்கள், கைநாட்டு வைத்தார். திரும்ப அதே தெருதான், வேறு பாதை இல்லை. ஒரு தரம் ஏமாந்தவன் மறுதரமும் ஏமாறுவானா என்று கேட்டேன். கடைத்தெருவில் வண்டியை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சைக்கிள் மணி வாங்கினார். பாடை வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்வார்களாம். மணி மூணே முக்கால் ரூபாய்.