வேனக்கா பல்கலைக்கழகம் போன கதை

ஊரில் அவளை எல்லோரும் வேனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேனை ஏறக்குறைய இருபது வருஷம் ஓட்டியவள். எந்தச் சந்தில் எந்நேரம் லாரி குறுக்கே நிற்கும், எந்த வீட்டுப் பிள்ளை ஒரு காலில் மட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதுகெலும்பு தேய்ந்துபோய், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு வேனை விற்றாள். வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். எல்லா வேலையும் கைவந்தவளுக்குச் சும்மா இருக்கிற வேலை மட்டும் கைவரவில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வயது வந்தவர்களுக்கும் இடம் உண்டு என்று கேள்விப்பட்ட வேனக்கா, யாரிடமும் மூச்சுவிடாமல் நுழைவுத் தேர்வு எழுதி, சமூகவியலில் இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

கணவன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"படிச்சுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கப் போறியா?"

"உங்களுக்குப் பாடம் எடுக்க இந்தப் பட்டமெல்லாம் பத்தாதுங்க."

அவன் சிரித்துவிட்டான். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. அங்க என்னைப் பார்த்தா கூப்பிடாத. எங்க பிளாக் பக்கம் வரவே வராத."

"உன் அம்மான்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வரப்போறேன்?"

"சும்மா சொல்லாத. சத்தியமா வரமாட்டியே?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு அம்மா பக்கத்து வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, வேனக்கா சரி என்றாள்.

முதல் நாளே ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்று தோன்றியது. பல்கலைக்கழகம் தனி ஊர் மாதிரி இருந்தது. எல்லாக் கட்டடமும் ஒரே சாம்பல் நிறம், ஒரே கண்ணாடிக் கதவு. ஊரையே உள்ளங்கையில் வைத்திருந்தவள் அங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திரிந்தாள். ஒருவழியாக வகுப்பைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால், சளசளவென்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கப்பென்று அடங்கி எழுந்து நின்றார்கள். யாரோ பெரியவர் வருகிறார் போல என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உக்காருங்கப்பா. நானும் உங்களை மாதிரி படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பெண் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். வகுப்பு முழுக்க அவளை நெட்டை என்றே கூப்பிட்டது. வேனக்காவும் அப்படியே பழகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேறு கூத்து. கட்டடம் மாறிப் போய், மருத்துவத் துறை அரங்கில் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சமூகத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கடைசியிலாவது ஏதாவது சம்பந்தம் வரும் என்று நம்பி, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். வரவே இல்லை.

"நடுவுல எழுந்து வந்திருக்கலாம்ல ஆன்ட்டி?" என்று நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்வளவு உருக்கமாப் பேசறாரு, எப்படிம்மா எழுந்து வர்றது?"

இதெல்லாம் சிரித்துத் தள்ளக்கூடியவை. தள்ள முடியாதது புள்ளியியல். மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறியாவது கூடவே போக முடிந்தது. புள்ளியியல் ஆசிரியர் பலகையில் எழுதி முடித்து அழிக்கும்போதுதான் இவள் முதல் வரியைப் படித்து முடித்திருப்பாள். இடைத் தேர்வு வந்தது. மதிப்பெண்ணை செல்போனில் பார்த்தவள், திரையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். நெட்டையிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது கணவன் இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டான். "பரீட்சையெல்லாம் எப்படி?"

"பரவாயில்ல" என்றாள் மகள்.

"பரவாயில்லங்க" என்றாள் வேனக்கா. திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

தேறாதவர்களுக்குத் தனி வகுப்பு வைத்தார்கள். சமூகவியல் கட்டடத்தில் மராமத்து நடந்ததால், அது வேதியியல் பிளாக்கின் இரண்டாம் மாடியில் என்று அறிவித்தார்கள். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வேறு வழியில்லை. மகள் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்துக்கொண்டு படியேறினாள்.

பாதிப் படியில் மகளின் தோழி ஒருத்தி எதிரே வந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பழகிய பெண்.

"ஆன்ட்டி! அவளுக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா?"

"யாருக்கும்மா?"

"அவளுக்குத்தான். இந்த செமஸ்டர் ஆரம்பிச்சதுல இருந்து வரவே இல்லையே. உடம்பு சரியில்லைன்னு மெசேஜ் போட்டிருந்தா. போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்கிறா."

வேனக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் மகளும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். "இப்ப தேவலைம்மா" என்று எப்படியோ சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பினாள்.

புள்ளியியல் மறந்துபோயிற்று. பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளை வேனில் எங்கே உட்காரும் என்று அவளுக்குத் தெரியும்: கடைசி சீட், ஜன்னலோரம், பைகளுக்குப் பின்னால். இந்தப் பெரிய ஊரில் கடைசி சீட் எது? சிற்றுண்டிச் சாலையில் பார்த்தாள், விளையாட்டுத் திடலில் பார்த்தாள். கடைசியில் நூலகத்தில் மாடி மாடியாக ஏறினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. மேல் மாடியில், பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருந்த அலமாரிகளுக்குப் பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். காலையில் அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேனக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மகள் டப்பாவைச் சட்டென்று மூடினாள். "நீ எங்கம்மா இங்க?"

"உன் பிளாக்குக்குத்தான வரக்கூடாதுன்ன? லைப்ரரிக்கு வரக்கூடாதுன்னு சொல்லலையே."

இரண்டே நிமிஷத்தில் குரல் உயர்ந்தது. நூலகர் வந்து நின்று பார்த்தார். இருவரும் வெளியே வந்து, வாகனம் நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் திட்டில், நல்ல வெயிலில் உட்கார்ந்தார்கள்.

மகளுக்கு முதல் வருஷம் மூன்று பாடம் போய்விட்டது. அவற்றை மறுபடி எழுத வேண்டும், செய்முறையை ஜூனியர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் ஆய்வுக்கூட வாசல்வரை போனாள்; உள்ளே கால் எடுத்துவைக்க முடியவில்லை. ஒரு நாள் போகாதது ஒரு வாரமாயிற்று. அப்புறம் போகவே முடியவில்லை.

"அப்பா பட்டறையில எல்லார்கிட்டயும் என் பொண்ணு சயின்டிஸ்டுன்னு சொல்லிட்டுத் திரியறாரு. நீ வேற இங்கயே வந்து சேர்ந்துட்ட. எனக்கு மூச்சு முட்டிச்சும்மா."

"அதுக்கு? தினம் என் கூடவே பஸ் ஏறி வந்து, ஒளிஞ்சு உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவியா? எவ்வளவு நெஞ்சழுத்தம் உனக்கு!" கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டத் திட்ட, தன் கைப்பையில் கவிழ்ந்து கிடந்த செல்போன் நினைவுக்கு வந்தது. பேச்சு பாதியில் நின்றது.

"எனக்கு இருபத்தேழு" என்றாள்.

"என்ன இருபத்தேழு?"

"புள்ளியியல்ல. நூத்துக்கு."

மகள் அவளை வெறித்துப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அம்மாவின் மடியில் கவிழ்ந்து அழுதாள். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுக்க வந்த ஒருவர், அது இவர்களுக்குப் பின்னால் இருந்ததால், எடுக்கவும் முடியாமல் போகவும் மனமில்லாமல் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார்.

மறுநாள் துறைத் தலைவரைப் பார்க்க மகள் தனியாகத்தான் போனாள். கூட வருகிறேன் என்றதற்கு, "நீ கிளாஸுக்குப் போம்மா" என்றுவிட்டாள். வேனக்கா வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. மகளிடம், இந்தப் பருவம் போனது போனதுதான், முதல் வருஷம் போன பாடங்களை மட்டும் இப்போது எழுதலாம், மற்றதை அடுத்த பருவத்தில் தொடரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் அன்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். கணவன் முழுதும் கேட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போய், ஒரே பொய்யைச் சொல்லிட்டு வந்திருக்கீங்க. நான் என்ன, உப்புக்குச் சப்பாணியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். பாடம் போனதைவிட, தன்னிடம் மறைத்ததுதான் அவனுக்கு உறுத்தியது. அந்த வாரம் முழுக்க வேண்டியதற்கு மட்டும் பேசினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலைச் சரிசெய்து கொடுத்தான். "உக்காந்து படிக்கற இடமாவது ஆடாம இருக்கட்டும்" என்றான்.

அந்த மேஜையில்தான் மகள் அம்மாவுக்குப் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தாள். பொறுமை என்பது அவளுக்கு மருந்துக்கும் கிடையாது. "அம்மா, இது சராசரி, அது இடைநிலை. எத்தனை தடவை சொல்றது?" என்று கத்துவாள். "உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தப்ப நான் கத்தினேனா?" என்று வேனக்காவும் பதிலுக்குக் கத்துவாள்.

பருவ முடிவில் மகள் மூன்றில் இரண்டைத் தாண்டினாள். வேனக்கா புள்ளியியலைத் தவிர எல்லாவற்றிலும் தேறினாள். புள்ளியியலில் நாற்பத்தொன்று, ஐம்பது வேண்டும். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று, பாடங்களைப் பதிவுசெய்யும் அறையில் எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"புள்ளியியல் மறுபடியுமா?"

"மறுபடியும்தான். அந்தாளு பலகையைக் கொஞ்சம் மெதுவா அழிச்சா தேறிடுவேன்னு சொல்லி வைங்க."

எழுத்தர் சிரித்துக்கொண்டே பதிவைச் செய்தார். வெளியே நெட்டை காத்திருந்தாள். அவளுக்கும் புள்ளியியல் போயிருந்தது.