ஒரே தடவை கூப்பிட்டவள்

மைக் பிடித்துப் பாட ஆரம்பித்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பாட்டெல்லாம் எப்படிம்மா வருது? ஆலங்காயத்தில் ஒரு கல்யாணத்தில், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஒருவர் வந்து கேட்டார். மலை கொடுக்குதுங்க என்றேன். கேட்பவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கும். மலை யாருக்கும் பாட்டுக் கொடுக்காது. கடுக்காயும் புளியும் கொடுக்கும், அதுவும் முதுகு ஒடிந்தால்தான்.

என் பாட்டுகளில் ஒருத்தி கூப்பிடுவாள். இன்னொருத்தி உடனே 'ஓ' என்று குரல் கொடுத்து ஓடிவருவாள். திருவிழாக்களில் கூட்டமே அந்த 'ஓ'வைச் சேர்ந்து பாடும். நான் மட்டும் அந்த இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவேன்.

எங்கள் மலையில், காட்டுக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குப் பதில் சொல்லக்கூடாது. பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மனுஷர்தான் மூன்று தடவை கூப்பிடுவார்கள் என்பார்கள். நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

நானும் அண்ணியும் கடுக்காய்க்குப் போன அன்று நல்ல உச்சிவெயில். மரம் ஏறுவதில் அண்ணி ஆம்பளைகளை மிஞ்சுவாள். அவள் ஓடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் பேர் கேட்டது. அண்ணி குரல்தான். ஆனால் வேறு யாரோ அவள் குரலில் பேசிப் பார்ப்பதுபோல் இருந்தது. அசையாமல் நின்றேன். இரண்டாவது முறை கேட்கவில்லை. மூன்று தரம் துப்பிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

பொழுது சாயும்போது அண்ணன்தான் போய் அவளைக் கண்டுபிடித்தான். மரத்திலிருந்து விழுந்து கிடந்தாள். கட்டிலில் கிடத்தி, பஸ் வரும் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வழியில் கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கூப்ட்டனே. கேக்கலியா?"

"கேக்கல அண்ணி."

"காத்து அடிச்சிது. அதான்."

ரோடு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பாட்டு வந்தது. அடுப்படியில் இருப்பேன், சாமைக் கொல்லையில் களை எடுப்பேன், என் பேர் ஒரு தடவை கேட்கும். இன்றைக்கும் கேட்கிறது. பயந்துபோய் அதன்மேல் ஒரு பாட்டைப் பாடி மூடுவேன். கூப்பிட்டதும் ஓடிவருகிறவளைப் பாட்டில்தான் என்னால் செய்ய முடிந்தது.

போன மாதம் ஒடுகத்தூரில் பாடிவிட்டு அண்ணனோடு பஸ்ஸுக்கு நின்றேன். சொன்னால் இவன் இனி என் முகத்தில் விழிக்கமாட்டான் என்று இத்தனை வருஷம் அடக்கிவைத்தது, அன்று வாயை மீறிவிட்டது.

"அன்னிக்கு அண்ணி கூப்ட்டது என் காதுல வுழுந்துச்சிண்ணா."

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும். நீ கால்மாட்டுல தூக்கிகினு வந்தே, நான் தலமாட்டுல. எங்கிட்ட மெதுவா சொன்னா. 'அவ கேட்டிருப்பா, பேய்னு பயந்துட்டிருப்பா. இன்னொரு தபா கூப்பிட எனக்குத்தான் தெம்பு இல்ல. அவள ஒண்ணும் கேட்டுடாத'ன்னா."

பஸ் வந்தது. ஏறி, ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்தோம். என் பொய் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் காற்றின்மேல் பழியைப் போட்டிருக்கிறாள். அவள் என்னைத் திட்டிவிட்டுச் செத்திருக்கலாம்.