அக்கா குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்த பிற்பகல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவைப் பல விதமாக அறிந்தவர்கள். சிலருக்கு அவர் மாட்டு டாக்டர். சிலருக்குப் பெரியம்மா. திண்டிவனத்து அக்கம்பக்கத்தாருக்கு, உச்சி வெயிலிலும் ஸ்கூட்டியில் பறக்கும் கண்ணாடி போட்ட அம்மா. எனக்கு அவர் சின்ன வயதிலிருந்தே சண்டைத் துணை. அவர் போய் ஓராண்டு முடிகிறது. சண்டை போட ஆளில்லாத வீடு எவ்வளவு கொடுமை என்று இந்த ஓராண்டில் தெரிந்துகொண்டேன்.

அக்கா பிறந்தது பிரம்மதேசத்தில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது பெருமுக்கல் பக்கம், எங்கள் நிலத்தில். அவர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிடு என்று சொல்லாத உறவில்லை. அம்மாவோ பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அக்காவைச் சென்னைக்குக் கால்நடை மருத்துவம் படிக்க அனுப்பினார். முதல் வேலை முகையூர்ப் பக்கம். பொம்பளை வந்து மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பதா என்று சிரித்தவர்களே, கன்று வெளியே வந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள்.

மேற்படிப்பில் அவர் எடுத்தது அறுவை சிகிச்சை. அதிலும் குதிரைக்கு மயக்கம் கொடுப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு. “நம்ம பக்கம் இருக்கிற குதிரைங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுக்கு ஒரு டாக்டரா?” என்று கிண்டல் செய்வேன். அவர் கோபப்பட மாட்டார். “குதிரைய சாய்க்கிறது பெரிய வேலை இல்லடா. அது திரும்ப ஒழுங்கா எழுந்து நிக்கிற வரைக்கும் எனக்குத் தொண்டையில தண்ணி எறங்காது” என்பார். அது எவ்வளவு உண்மை என்பதை ஒரு பிற்பகலில் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிற்பகலைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும். எழுதாமல் எனக்கு நிம்மதி இல்லை.

கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த சலீம் பாய், வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கல்யாண ஊர்வலங்களில் மேளத்துக்கு ஆடும் வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். மோத்தி என்று பெயர். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது அதுதான். எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக் கொண்டுவந்தபோது, வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி எங்கள் கொல்லையின் முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது. பின்னங்கால் கிழிந்து, கம்பித் துண்டு சதைக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. போன் செய்த அரை மணியில் அக்காவும் அவர் வீட்டுக்காரரான மாமாவும் திண்டிவனத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்திருந்த கொல்லை, மண் பொலபொலவென்று இருந்தது. குதிரை விழுந்தாலும் அடிபடாது என்று அக்கா அங்கேயே நிறுத்தச் சொன்னார். காயத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, கழுத்து நரம்பில் சாந்தப்படுத்தும் ஊசியும் வலிக்கான ஊசியும் போட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டாக்டரம்மா, ஜல்தி ஜல்தி. ரத்தம் போய்க்கினே இருக்குது” என்று பாய் பதறினார்.

“கட்டுல ரத்தம் அடங்கிடுச்சி பாய். இது தல தொங்கறதுக்கு முன்னாடி மயக்க ஊசி போட்டா வெறி புடிச்ச மாதிரி ஆயிடும். நீங்க அது பக்கத்துல பேசிக்கினு நில்லுங்க.”

தலை முழங்கால் வரை தொங்கிய பிறகுதான் மயக்க ஊசி. மோத்தி மெல்ல மடிந்து மண்ணில் சாய்ந்தது. அக்கா அதன் காதுகளில் பஞ்சு வைத்தார். கண்ணுக்கு மருந்து போட்டுத் துண்டால் மூடினார். முகக் கயிற்றைக் கழற்றினார். அவ்வளவு எடையும் ஒரே பக்கம் அழுத்தினால் அடியில் இருக்கும் சதை கெட்டுவிடும், மூச்சும் திணறும், ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றார். நான் மருந்து பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரையின் மூச்சை எண்ணினேன். கம்பி வெளியே வந்தது. தையல் முடிந்தது. மாமா காரில் தண்ணீர்க் கேன் எடுக்கப் போனார்.

இனிமேல் நடந்தது என் தவறு. நான் மாட்டுக்காரன். மாடு ஒருக்களித்து விழுந்து கிடந்தால் வயிறு உப்பிச் செத்துப்போகும், உடனே நிமிர்த்தி எழுப்ப வேண்டும் என்பது எங்கள் கைக்குப் பழகிய வேலை. அக்கா கை கழுவத் திரும்பிய நேரம், மோத்தியின் காது துடித்தது. பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். துண்டை உருவினேன். “எழுந்திரு, எழுந்திரு” என்று கழுத்தில் தட்டினேன். அது வெறித்த கண்ணோடு தலையைத் தூக்கி முன்னங்காலை உதறியது. அக்கா பாய்ந்து வந்து அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றித் தலையை மண்ணோடு அழுத்தினார்.

“டேய்! அறிவிருக்கா உனக்கு? இது மாடாடா? இதுக்கு இன்னும் காலுக்குத் தெம்பு வரல. இப்ப எழுந்தா பின்னிக்கினு விழும். எலும்பு ஒடைஞ்சா அப்புறம் நான் போடறது கடைசி ஊசிதான்!”

துண்டை மறுபடி கண்ணில் போட முடிந்தது. காதில் பஞ்சு வைக்க அது விடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பறைச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இறந்து, எங்கள் கொல்லையை ஒட்டிய ரோட்டு வழியாகத்தான் எடுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

பாயின் முகம் வெளுத்தது. “ஐயோ, மேளம் கேட்டா எழுந்து ஆடணும்னு நானேதான் பழக்கி வெச்சேன்.” மோத்தியின் காது ரோட்டுப் பக்கம் திரும்பியது. குளம்பு மண்ணைப் பறித்தது.

“நீ போய் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லு” என்றார் அக்கா. நான் ஓடினேன். பதற்றத்தில் கும்பிட மறந்துபோனேன். “மேளத்த நிறுத்துங்க, இங்க குதிரைக்கு வைத்தியம் நடக்குது” என்று அதட்டலாகச் சொல்லிவிட்டேன்.

“குதிரைக்கோசரம் சாவு மேளத்த நிறுத்தணுமா? இன்னா திமிரு!” என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். நானும் கையை ஓங்கினேன்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். மாமாவையும் பாயையும் குதிரையின் கழுத்தைப் பிடிக்க வைத்துவிட்டு, செருப்புக்கூட இல்லாமல், முழங்கை வரை ரத்தத்தோடு ஓடி வந்திருந்தார். முதலில் பாடையை வணங்கினார். பிறகு, கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற மகனைப் பார்த்தார். அவர் பெயர் ஏழுமலை என்று பிறகுதான் தெரியும்.

“தம்பி, உங்கப்பாவுக்குப் பண்ற மரியாதைய நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல. அங்க ஒரு ஜீவன் அரை மயக்கத்துல கெடக்குது. மேளம் கேட்டா எழுந்துடும், எழுந்தா கால் போயிடும். இந்தக் கொல்லையத் தாண்டற வரைக்கும் மட்டும் நிறுத்துங்கப்பா.”

“நடுவழில மேளம் நிக்கக் கூடாதுடா ஏழுமல” என்றார் ஒரு பெரியவர்.

ஏழுமலை அக்காவின் கைகளைப் பார்த்தார். “நிறுத்துங்க” என்றார்.

அந்த ஊர்வலம் எங்கள் கொல்லையைச் சத்தமில்லாமல் கடந்தது. பெண்கள் அழுகையைக்கூட முந்தானைக்குள் அடக்கிக்கொண்டார்கள். வெகு தூரம் போன பிறகே மறுபடி பறை கேட்டது. அரை மணி கழித்து மோத்தி நெஞ்சை ஊன்றி உட்கார்ந்தது. அக்கா அதன் வாலைப் பிடித்துத் தாங்க, தள்ளாடி எழுந்து நான்கு கால்களிலும் நின்றது. பாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கா மண்ணில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று மாலை, தவறு செய்த நான்தான் அக்காவிடம் கத்தினேன். “பொணத்த வழிமறிச்ச குடும்பம்னு பேரு வாங்கிக் குடுத்துட்டியே!” கருமகாரியத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று அக்கா கூப்பிட்டார். போனால் அவமானம், நீயும் போகக் கூடாது என்றேன். டாக்டரம்மா அவசரப்பட்டதால்தான் அன்றைக்கு அவ்வளவு பேஜாரு என்று பின்னால் ஊரில் பேச்சு வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. அக்காவும் ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

கடைசி ஆறு மாதம் புற்றுநோய் அக்காவைப் படுக்கையில் போட்டது. வலி வந்த பிறகு மருந்து தேடுவது வைத்தியமே இல்லை என்று விழுப்புரத்திலிருந்து வந்த நர்ஸிடம் சொல்லி, நேரம் தவறாமல் வாங்கிக்கொண்டார். முகம் சுளிக்காமல்தான் போனார்.

இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அழைக்க, முதல் முறையாக ஏழுமலையின் வீட்டுப் படியேறினேன். உட்காரச் சொன்னார்.

“உங்கக்கா எங்கப்பா காரியத்தன்னிக்கே வந்துதே, உங்கிட்ட சொல்லலியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்பா படத்துக்கு முன்னாடி நின்னு அழுதுது. ‘என் தம்பி பேசினத மனசுல வெச்சிக்காதீங்க, காதுல இருந்த பஞ்ச நான்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன், அவன் பாவம் பதறிப் போயிட்டான்’னு சொல்லுச்சி. பெரிய மனசுங்க அதுக்கு. தப்பு பண்ணா ஒத்துக்கிற டாக்டர நான் பார்த்ததே இல்ல.”

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், வலி தெரியாமல் வழியனுப்பிய அந்த நர்ஸம்மாவுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த சலீம் பாய்க்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோருக்கும் முன்னால் நன்றி சொல்ல வேண்டியவர் ஏழுமலை அவர்கள். ஐயா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும், நீங்களும் படிப்பீர்கள். அன்று பஞ்சை எடுத்தது என் அக்கா இல்லை. நான்.